சுமையைத் தேடும் எலும்பு

இடுப்பு மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே இயன்முறை சிகிச்சையாளர் வந்து நோயாளியை எழுந்து நிற்கச் சொல்லும்போது, உடனிருக்கும் உறவினர்கள் பதறுகின்றனர். இன்னும் நான்கு நாள் படுத்திருக்கக் கூடாதா என்று எங்களிடம் கேட்காதவர் குறைவு. அக்கறையால் எழும் கேள்விதான். ஆனால் எலும்பின் இயல்பு வேறு.

தொடையெலும்பின் மேல்முனையை நெடுக்காக அறுத்துப் பார்த்தால், உள்ளே கடற்பஞ்சு போன்ற மெல்லிய எலும்பு இழைகள் வளைந்து செல்வதைக் காணலாம். 1860-களில் சூரிச் நகரில் கார்ல் குல்மான் என்னும் பொறியாளர், இவ்விழைகளின் போக்கு பாரந்தூக்கியில் விசை பரவும் கோடுகளை ஒத்திருப்பதைக் கண்டார். சுமை மாறினால் எலும்பின் உள்ளமைப்பும் மாறும் என்று 1892-இல் ஜெர்மானிய மருத்துவர் ஜூலியஸ் வோல்ஃப் நூலாகவே எழுதினார்.

இன்று அம்மாற்றத்தைக் கணினியிலேயே நிகழ்த்திப் பார்க்கிறார்கள். எலும்பின் உருவத்தை நுண்ணிய கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டமும் தாங்கும் விசை கணக்கிடப்படுகிறது. விசை மிகுந்த இடத்தில் எலும்பு சிறிது கூட்டப்படுகிறது. குறைந்த இடத்தில் கழிக்கப்படுகிறது. மாறிய வடிவத்திற்கு மீண்டும் அதே கணக்கு. இவ்வாறு பலமுறை செய்தபின், ஒழுங்கின்றித் தொடங்கிய இழைகளும் விசையின் திசையிலேயே அணிவகுக்கின்றன. நெதர்லாந்தின் ரிக் ஹாய்ஸ்கஸ் குழுவினர் 2000-ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் இதனை விளக்கினர். அவர்களது கணக்கில் சுமையை உணர்வன எலும்பினுள் உறையும் செல்களே. நம் உடலிலும் அப்பணி அவற்றினுடையது என்றே கருதப்படுகிறது.

செயற்கை மூட்டுக்கு வருவோம். தொடையெலும்பினுள் பொருத்தப்படும் டைட்டானியத் தண்டு, எலும்பின் வெளிப்புறக் கெட்டிப் பகுதியைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு விறைப்பானது. கோபால்ட்-குரோமியத் தண்டோ பத்து மடங்குக்கும் மேல். சுமையின் பெரும்பங்கைத் தண்டே ஏற்றுக்கொள்வதால், சுற்றியுள்ள எலும்பு வேலையின்றி மெலியக்கூடும். எவ்விடத்தில் மெலியும் என்பதைக் கணினி முன்னரே காட்டுவதால், தண்டின் வடிவத்தையும் உலோகத்தையும் வடிவமைப்பாளர்கள் திருத்த முடிகிறது. தண்டினால் குறைந்த சுமையைப் படுக்கையும் குறைத்துவிட்டால் எஞ்சுவது என்ன?

இருப்பினும் கணக்கு முழுமையானதன்று. முதுமை, மாதவிடாய் நின்றபின் வரும் எலும்புத் தேய்மானம், நெடுநாள் உட்கொண்ட ஸ்டீராய்டு மருந்து ஆகியவை ஒவ்வொருவரிடமும் வேறுபடும். எனவே அறுவை செய்த காலில் எவ்வளவு பாரம் ஊன்றலாம் என்பதை அறுவை மருத்துவரிடம் கேட்டறிந்து, அதன்படியே நடக்க வேண்டுகிறோம். அண்டை வீட்டாரின் அனுபவம் இங்கே பயன்படாது.

மறுபரிசோதனைக்கு வருகையில் பழைய எக்ஸ்ரே படங்களையும் மறவாது கொண்டுவாருங்கள். தண்டைச் சுற்றிய எலும்பு மெலிகிறதா என்பதைப் பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டே நாங்கள் பார்க்கிறோம்.