கல்லுக்கு அடியில் குடியிருக்கும் சாட்சிகள்

மலையகத் தோட்டமொன்றில் குடிநீர் பற்றிய கூட்டத்தில் ஒரு தாய் எம்மிடம் கேட்டார்: "சாமி, ஓடைத் தண்ணி கண்ணாடி மாதிரித்தானே ஓடுது, அதுல என்ன கெட்டுப் போச்சு?"

எம்மிடம் உடனடிப் பதில் இருக்கவில்லை. ஒரு போத்தல் நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்பலாம். ஆனால் போத்தலுக்கு அதை நிரப்பிய வேளை மட்டுமே தெரியும். முதல்நாள் இரவு ஓடையில் கொட்டப்பட்டது எது என்பது, கற்களுக்கு அடியில் மாதக்கணக்காக வாழும் முள்ளந்தண்டிலிகளுக்கே தெரியும்.

இது புதிய யோசனையன்று. ஜேர்மனியில் கொல்க்விட்ஸ், மார்சன் ஆகிய இருவர், அழுக்குநீரைக் காட்டிக்கொடுக்கும் தாவரங்களை 1908இலும் விலங்குகளை 1909இலும் பட்டியலிட்டனர். பிரித்தானியாவில் 1976இல் அமைந்த செயற்குழுவொன்று, ஒவ்வொரு விலங்குக் குடும்பத்துக்கும் 1 முதல் 10 வரை புள்ளியிடும் முறையை வகுத்தது. ஒட்சிசன் நிறைந்த நீரை வேண்டும் கல் ஈக் குடம்பிகளிற் பெரும்பாலானவை 10 பெறும். சேற்றுப் புழுக்களுக்கு 1. சிவப்புப் புழுவுக்கு 2. அதன் உடலில் எமது குருதியிலுள்ளது போன்ற ஈமோகுளோபின் இருப்பதால் மூச்சுமுட்டும் நீரிலும் அது பிழைத்துக்கொள்கிறது. அந்தப் பட்டியலை எமது ஆறுகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. எனினும் ஒரே ஓடையின் மேற்பகுதியையும் கீழ்ப்பகுதியையும் ஒப்பிடுவதற்குப் பட்டியல் அவசியமில்லையே!

இளைஞர் சிலருடன் ஓடையில் இறங்கினோம். கம்பி வளையத்தில் தைத்த நுளம்பு வலை, வெள்ளை பேசின், கைவில்லை: இவ்வளவுதான் கருவிகள். ஒருவர் வலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடிக்க, மற்றவர் அதற்கு முன்னால் மூன்று நிமிடம் காலால் கற்களைப் புரட்டினார். லயங்களுக்கு மேலே, மூன்று வாலுள்ள தட்டையான மே ஈக் குடம்பிகளும், மணலால் கூடு கட்டிய புழுக்களும் பேசினில் நெளிந்தன. லயங்களுக்குக் கீழே சிவப்புப் புழுக்கள் ஏராளம்; வேறு எதுவும் அதிகமில்லை. மலசலகூடக் கழிவு என்று எல்லோரும் சொன்னோம்.

இன்னும் கீழே, மரக்கறித் தோட்டத்து வளைவில் கிடைத்ததுதான் எம்மை யோசிக்கவைத்தது. அங்கே சிவப்புப் புழுக்கூட இரண்டு மூன்றே. கழிவு சேர்ந்தால் இனங்கள் குறையும், ஆனால் எஞ்சியவை பெருகும். இனமும் எண்ணிக்கையும் சேர்ந்தே குறைந்தால் நஞ்சைத்தான் சந்தேகிக்க வேண்டும். (பெருவெள்ளமும் எல்லாவற்றையும் அடித்துச் செல்லும், அந்த வாரம் மழை பெய்திருக்கவில்லை.) வளைவில் தெளிகருவியைக் கழுவுபவர் எமது சங்கத்தின் தலைவரே. பேசினை அவரிடம் காட்ட இளைஞர்கள் தயங்கினர். நாமும் தயங்கினோம் என்பதை மறைப்பானேன்? இறுதியில் காட்டினோம். அவர் நெடுநேரம் பேசினையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது வாளியில் நீர் அள்ளிச்சென்று, ஓடைக்குத் தொலைவில் கழுவுகிறார்.

அந்தத் தாய்க்கு நாம் சொன்னது இதுதான்: மேலே உள்ள பூச்சிகள் ஓடை உயிரோடிருப்பதைக் காட்டுகின்றன, வயிற்றோட்டக் கிருமி இல்லை என்று அவை சொல்வதில்லை. ஆகவே அங்கே அள்ளிய நீரையும் கொதிக்கவைத்தே குடிக்க வேண்டும்.

மழைக்காலம் முடிந்து ஓடை தணிந்ததும் அந்த வளைவில் மீண்டும் வலை பிடிக்கவிருக்கிறோம். தலைவரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.