பால் நிற்கும் இடங்கள்

தமிழ்நாட்டு வீடுகளின் அன்றாடச் சமையலில் பால் எங்கெங்கே சேர்கிறது என்று ஒரு நாளின் வரிசைப்படி பார்த்தால், அது பெரும்பாலும் உணவின் தொடக்கத்திலும் முடிவிலும் மேலே விடப்படும் நெய்யிலுமே நிற்பது புலப்படும்: காலையில் காப்பி, நண்பகலில் பருப்புச் சோற்றின் மேல் ஒரு கரண்டி நெய், கடைசிச் சோற்றுக்குத் தயிர் அல்லது மோர். இவற்றுக்கு நடுவில் வரும் சாம்பார், புளிக்குழம்பு, ரசம், பொரியல், துவையல், ஊறுகாய் ஆகியவையும், பலகார வகையில் இட்லி, தோசை, இடியாப்பம், அடை, சுண்டல் ஆகியவையும் இயல்பிலேயே பால் கலவாதவை. பால், தயிர், நெய், வெண்ணெய், முட்டை, தேன் என விலங்குகளிடமிருந்தும் தேனீக்களிடமிருந்தும் பெறப்படும் எதையும் உண்ணாத முறையே வீகன் உணவு முறை எனப்படுகிறது. 1944இல் இங்கிலாந்தில் டொனால்டு வாட்சனும் அவருடைய தோழர்களும் தனிச் சங்கம் அமைத்து இப்பெயரைச் சூட்டினர். அம்முறை இங்குள்ள அடுக்களையிலும் ஓட்டலிலும் விருந்துப் பந்தியிலும் எவ்வாறு நடைமுறைக்கு வருகிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

புலால் மறுப்பு தமிழகத்துக்குப் புதிதன்று. திருக்குறள் அதற்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கியிருக்கிறது. 1867இல் வடலூரில் தருமசாலை தொடங்கிய வள்ளலார் உயிரிரக்கத்தையே தம் நெறியின் மையமாக வைத்தார். எனினும் இம்மரபுகளில் பால் விலக்கப்படவில்லை. கன்றுக்குப் போக எஞ்சியது மனிதர்க்கு என்ற எண்ணமே நெடுங்காலம் நிலவியது. கன்று ஈன்றால்தான் பசு பால் சுரக்கும் என்பதும், ஏரும் வண்டியும் இயந்திரத்துக்கு மாறிய பிறகு காளைக்கன்றுகளை வளர்ப்பதற்கான தேவை மிகவும் குறைந்துவிட்டது என்பதும் சேர்ந்து அந்தப் பழைய எண்ணத்தின் அடித்தளத்தை அசைத்துவிட்டன. பாலை விலக்குவோரின் வாதம் இதிலிருந்தே எழுகிறது. அதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

விலக்க வேண்டியவற்றுள் கடினமானது காப்பி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான் அது தமிழ்ச் சமூகத்தில் பரவியது என்பதையும், அப்போது அதைச் சுற்றி எழுந்த கவலைகளையும் வரலாற்றாசிரியர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் கட்டுரையில் ஆராய்ந்திருக்கிறார். 1970இல் தொடங்கிய வெண்மைப் புரட்சிக்குப் பிறகு பால் தடையின்றிக் கிடைக்கத் தொடங்கி, காலக்கிரமத்தில் பாக்கெட் பால் நகரத்து வாசல்தோறும் விடியற்காலையில் வந்திறங்கியது. தொன்மையான வழக்கம் போலத் தோன்றும் பால் காப்பியின் வயது சில தலைமுறைகளே என்றாலும், நாக்கின் பழக்கம் வரலாற்றுக்கு எளிதில் கட்டுப்படுவதில்லை. சோயாப் பால் சூடான டிகாக்‌ஷனின் புளிப்பிலும் வெப்பத்திலும் திரிந்துபோகும் இயல்புடையது. பாலை மிதமாகச் சூடாக்கி, அதில் டிகாக்‌ஷனைச் சிறிது சிறிதாக ஊற்றினால் திரிவது குறையும். தேங்காய்ப் பாலோ தன் மணத்தால் காப்பியின் மணத்தை மூடிவிடுகிறது. கருப்பட்டி சேர்த்த கடுங்காப்பியும் சுக்குக் காப்பியும் பாலை வேண்டாதவை. பால் காப்பிக்குப் போலி தேடி அலைவதைவிட இவற்றுக்கு நாக்கைப் பழக்குவது பலருக்கு எளிதாக இருக்கிறது.

நெய்யின் இடத்தை நல்லெண்ணெய் ஏற்கெனவே பாதி பிடித்துவைத்திருக்கிறது. இட்லிப் பொடிக்கும் பருப்புப் பொடிச் சோற்றுக்கும் நல்லெண்ணெய் ஊற்றிப் பிசையும் வீடுகள் ஏராளம். குமரி மாவட்டத்தில் அவ்விடம் தேங்காய் எண்ணெய்க்கு உரியது. பாலின் செறிவும் வழவழப்பும் வேண்டிய இடத்தில் தமிழ்ச் சமையல் நெடுங்காலமாகத் தேங்காய்ப் பாலையே நாடி வந்துள்ளது என்பதற்குத் திருநெல்வேலிச் சொதி தலைசிறந்த சான்று. திருமணத்துக்குப் பின் நடக்கும் மறுவீட்டு விருந்தில் இது முதன்மையான குழம்பு. துருவிய தேங்காயை அரைத்துத் தண்ணீர் விடாமலோ மிகக் குறைவாக விட்டோ பிழிந்தெடுப்பது முதற்பால். அதே சக்கையில் தண்ணீர் விட்டு மீண்டும் பிழிவன இரண்டாம் பாலும் மூன்றாம் பாலும். முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு முதலிய காய்களும் குழைந்த பாசிப்பருப்பும் நீர்த்த பின்பால்களில் வேக, அரைத்த இஞ்சியும் பச்சை மிளகாயும் அதில் கொதித்துக் காரம் இறங்கிய பிறகு, முதற்பாலைக் கடைசியில் ஊற்றி, விளிம்பில் நுரை கட்டும்போதே இறக்கிவிட வேண்டும். தேங்காய்ப் பாலில் கொழுப்புத் துளிகளைத் தண்ணீரோடு பிணைத்து நிறுத்துவது அதிலுள்ள புரதம். கொதி நிலையில் அப்புரதம் திரண்டுவிடுவதால் எண்ணெய் தனியே பிரிந்து மிதக்கும். எலுமிச்சைச் சாறு இறக்கி ஆறிய பிறகே சேர்க்கப்படுவதற்கும் அதே திரிதல் அச்சமே காரணம். உடன் பரிமாறப்படும் இஞ்சிப் பச்சடி புளியும் வெல்லமும் சேர்ந்தது. அதிலும் தயிர் இல்லை. பாலின்றிச் செறிவான விருந்து சமைக்க முடியாது என்று கருதுவோர் இந்த ஒரு குழம்பை ஒருமுறை முறையாகச் செய்து பார்க்க வேண்டும்.

தயிருக்கு மாற்றாக வீடுகளில் பெரிதும் கையாளப்படுவது நிலக்கடலைத் தயிர். இரவு முழுவதும் ஊறவைத்துத் தோல் நீக்கிய கடலையை நன்றாக அரைத்துத் துணியில் வடிகட்டி, அந்தப் பாலைப் பச்சை வாடை போகக் காய்ச்சி, வெதுவெதுப்பான நிலையில் நாலைந்து மிளகாய்க் காம்புகளை அதில் போட்டு மூடிவைக்க வேண்டும். காம்பில் இயல்பாகவே தங்கியிருக்கும் நுண்ணுயிர்கள் பாலைப் புளிக்கச் செய்கின்றன. முதல் முறை உறைவது தளர்வாக இருக்கும். அதில் ஒரு கரண்டியை உறையாக ஊற்றினால் அடுத்த முறை கெட்டிப்படும். மிஞ்சும் கடலை வாடையைக் கடுகு, இஞ்சி, கறிவேப்பிலைத் தாளிப்பு மறைத்துவிடும். இத்தனை வேலைக்கு நேரமில்லாத வீட்டில் பழைய சோற்று நீராகாரமே போதும். இரவெல்லாம் தண்ணீரில் கிடந்து புளித்த அந்நீரின் புளிப்பும் மோரின் புளிப்பும் ஒரே வகை நொதித்தலின் விளைவுகள். சின்ன வெங்காயமும் உப்பும் சேர்ந்தால் கடைசிச் சோற்றுக்கு வேறொன்றும் வேண்டியதில்லை. இறக்குமதிப் பாதாம் பாலும் பெட்டியில் வரும் போலிப் பாலாடைக்கட்டியும் வாங்கினால்தான் இம்முறை சாத்தியம் என்னும் எண்ணம் பெருநகரங்களில் வேரூன்றி வருவது வருந்தத்தக்கது. அவ்வெண்ணம் எளிய குடும்பங்களை இம்முறையிலிருந்து வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறது.

சத்துக்களைப் பொறுத்தவரை, சுண்ணாம்புச் சத்துக்குப் பாலைவிட்டால் வழியில்லை என்னும் அச்சத்துக்கு ஆதாரமில்லை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 360 மில்லிகிராமும், அதே அளவு பசும்பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராமும் சுண்ணாம்புச் சத்து உண்டு; தோல் நீக்காத எள்ளில் அது 1000 மில்லிகிராமைத் தாண்டும். தானியத்திலுள்ள பைட்டேட் என்னும் பொருள் இச்சத்து உடலில் முழுமையாகச் சேர்வதைத் தடுப்பது உண்மையே. முளைகட்டுவதும் புளிக்கவைப்பதும் அத்தடையைக் குறைக்கும் என்பதால் முளைகட்டிய கேழ்வரகு மாவு மேலானது.

பி12 உயிர்ச்சத்தின் நிலை வேறு. அதில் சமரசத்துக்கு இடமேயில்லை. பாக்டீரியாக்களால் மட்டுமே உருவாக்கப்படும் இச்சத்து தாவர உணவில் நம்பத்தக்க அளவில் இல்லை. சுருள்பாசியில் இருப்பதாகச் சொல்லப்படுவதில் பெரும்பகுதி மனித உடலுக்குப் பயன்படாத போலி வடிவமே. பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2.4 மைக்ரோகிராம் என்னும் மிகச் சிறிய அளவே போதும். ஆனால் கல்லீரலில் உள்ள சேமிப்பு சில ஆண்டுகள் தாங்கக்கூடியது என்பதால் குறைபாடு ஓசையின்றி வளர்ந்து, கால் மரத்துப்போதல், மறதி, சோகை எனத் தாமதமாகவே வெளிப்படும். கீரைகளில் மிகுந்துள்ள ஃபோலேட் சோகையின் அறிகுறியை மறைத்துவிட, நரம்புச் சேதம் மட்டும் தொடரும் வாய்ப்பும் உண்டு. ஆகவே பாலை விலக்குவோர், குறிப்பாகக் கருவுற்ற பெண்களும் பாலூட்டும் தாய்மாரும், மருத்துவர் ஆலோசனையோடு பி12 மாத்திரை எடுத்துக்கொண்டே ஆக வேண்டும். பழைய சோற்றையோ கீரையையோ நம்பி இதைத் தள்ளிப்போடுவது ஆபத்து. மாத்திரைக்கான பி12 நொதித்தல் முறையில் பாக்டீரியாக்களைக் கொண்டே தயாரிக்கப்படுகிறது. கேப்ஸ்யூலின் உறை மட்டும் விலங்கு ஜெலட்டினால் ஆனதாக இருக்கக்கூடும்.

கடையில் பாக்கெட் வாங்கும்போது பச்சைப் புள்ளியை மட்டும் பார்த்துப் பயனில்லை, ஏனெனில் இந்திய விதிகளின்படி பாலும் தேனும் சேர்ந்த பண்டத்துக்கும் அந்தப் புள்ளி உண்டு. வீகன் உணவுக்கெனத் தனி விதிகள் 2022இல் வந்தன. பச்சை நிற 'வி' எழுத்தின் மேல் சிறு செடி வரைந்த முத்திரை அதற்குரியது. முத்திரை இல்லாத பாக்கெட்டில் ஒவ்வாமை அறிவிப்பைப் படிக்க வேண்டும். பால் சேர்ந்திருந்தால் அதை அங்கே குறிப்பிடுவது கட்டாயம். மசாலா தூவிய உருளைக்கிழங்கு வறுவலிலும் சாதாரண பிஸ்கட்டிலும் பால் பவுடரோ, பால் திரிந்தபின் எஞ்சும் நீரிலிருந்து எடுக்கப்படும் வே பவுடரோ அடிக்கடி தென்படும்.

ஓட்டலில் படிப்பதற்கு அத்தகைய அறிவிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. கேட்டுத்தான் அறிய வேண்டும். இட்லி, மெதுவடை, இடியாப்பம், பூரி, தேங்காய்ச் சட்னி ஆகியவை பொதுவாக இடரற்றவை. வெண்பொங்கலிலும் கேசரியிலும் நெய் இருக்கும் என்பது எல்லோரும் அறிந்ததே. அறியாமல் ஏமாறும் இடங்கள் வேறு: ரவா தோசை மாவில் மோர் கலக்கும் வழக்கம் உண்டு, பரோட்டா மாவில் பாலோ முட்டையோ சேரலாம், குருமாவிலும் அவியலிலும் தயிர் இருக்கலாம், மசால் தோசையின் உட்புறம் வெண்ணெய் தடவும் கடைகள் உள்ளன, சில கடைகளின் சாம்பார் இறக்கும் நேரத்தில் நெய் ஏற்கிறது. நெய் மணக்கும் பண்டமெல்லாம் நெய்யால் ஆனதென்றும் சொல்ல முடியாது. வனஸ்பதி முழுக்கத் தாவர எண்ணெயை இறுகச் செய்து பெறுவது. நெய்யில் அதைக் கலப்படம் செய்தால் சோதனையில் பிடிபட வேண்டும் என்பதற்காகவே அதில் நல்லெண்ணெய் கலக்க வேண்டுமென்று சட்டம் விதித்தது என்பது உணவுச் சட்ட வரலாற்றின் சுவையான செய்தி.

'சைவமா' என்று கேட்டால் சப்ளையர் ஆமென்பார், நெய்யும் வரும். பால், தயிர், நெய், வெண்ணெய் என்று பொருளின் பெயரைச் சொல்லியும், 'தோசைக்கு எண்ணெய் மட்டும் விடச் சொல்லுங்கள்' என்று செய்முறையைச் சொல்லியும் கேட்பதே பலன் தரும். சப்ளையருக்குத் தெரியாததைச் சரக்கு மாஸ்டர் அறிவார். கூட்டம் குறைந்த நேரமானால் உள்ளே கேட்டுச் சொல்லச் சலிப்பதில்லை. முந்திய தோசைக்கு விட்ட நெய்யின் சுவடு தோசைக்கல்லில் இருக்குமே என்னும் கவலை, பாலைக் கொள்கையால் விலக்கியவருக்குத் தேவையற்றது, ஏனெனில் அச்சுவடு ஒரு சொட்டுப் பாலின் தேவையையும் கூட்டுவதில்லை. பால் ஒவ்வாமை உடையவருக்கோ அதே சுவடு தீங்காகலாம் என்பதால் அவர் அதைத் தெளிவாகச் சொல்லியே ஆக வேண்டும்.

கோயில் பிரசாதத்தில் சர்க்கரைப் பொங்கலும், நெய்யும் தேனும் சேர்ந்த பழனிப் பஞ்சாமிர்தமும் விலக்குக்குரியவை. நல்லெண்ணெயில் கிளறிய புளியோதரையும் நவராத்திரிச் சுண்டலும் பானகமும் தடையற்றவை. விருந்துப் பந்தி இவற்றைவிட நுட்பமானது. பிராமணர் வீட்டுப் பந்தியில் சோற்றின் மேல் விடும் சொட்டு நெய்க்கு அன்னசுத்தி என்று பெயர். அதனால் உணவு தூய்மை பெறுகிறது என்பது நம்பிக்கை. பிற வீடுகளிலும் நெய்யைக் குறைத்து ஊற்றுவது உபசாரக் குறைவு. ஆகவே இலையில் அமர்ந்த பின் கையால் மறிப்பதைவிட, அழைப்பு வந்தபோதே வீட்டாரிடம் சொல்லிவிடுவது இரு தரப்புக்கும் நல்லது. முன்பே தெரிந்தால் சமையற்காரர் சாம்பாரிலும் கூட்டிலும் நெய் விடுவதற்கு முன் ஒரு பாத்திரத்தில் தனியே எடுத்து வைத்துவிடுவார். பாசிப்பருப்பும் வெல்லமும் தேங்காய்ப் பாலும் சேர்ந்த பாயசத்தில் விலக்க வேண்டியது முந்திரி வறுக்கும் நெய் மட்டுமே. அதைத் தேங்காய் எண்ணெயில் வறுத்துக் கொட்டினால் பந்தி முழுமைக்கும் ஒரே பாயசத்தைப் பரிமாறலாம்.