மாமல்லபுரம் டூ புலிக்குகை: 5 கி.மீ. கடற்கரை நடை ரொம்ப ஈஸி. ஆனா ஆபத்து எங்கே இருக்கு?

கலசப்பாக்கம் மக்களுக்கு மலையும் பழக்கம், ஆறும் பழக்கம். ஊர் பக்கத்திலேயே சுமார் 4,500 அடி உயர பர்வதமலை. ரதசப்தமி வந்தால் திருவண்ணாமலையில் இருந்து அண்ணாமலையாரே தீர்த்தவாரிக்கு இங்குள்ள செய்யாற்றுக்கு வருவார். ஆனால் கடல்? அது லீவு நாளில் வேன் பிடித்துப் போய் பார்க்கும் விஷயம். அப்படிப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இதோ.

எந்த வழி?

போளூர், சேத்துப்பட்டு, வந்தவாசி, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகலாம். முதல் நாளே போய் தங்கிவிட்டு, மறுநாள் விடியற்காலை நடப்பது நல்லது.

கடற்கரைக் கோயிலுக்கு வடக்கே உள்ள மணலில் தொடங்கி, மீனவர் படகுகள், ரிசார்ட்டுகள், தேவனேரி குப்பம் தாண்டி சாளுவன்குப்பம் வரை சுமார் 5 கி.மீ. மெதுவாக நடந்தாலும் இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். பர்வதமலை மாதிரி கடப்பாறைப் படியும் இல்லை, சங்கிலி பிடித்து ஏறும் வேலையும் இல்லை. திரும்ப நடக்க முடியாதவர்களுக்கு கிழக்கு கடற்கரைச் சாலையில் பஸ், ஆட்டோ இருக்கிறது.

ஒரு டிப்ஸ்: காய்ந்த மணலில் கால் புதையும். கெட்டியான தரையில் நடப்பதை விட இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும். அலை வந்து போன ஈர மணலில் நடங்க. துகள்களுக்கு நடுவே இருக்கும் கொஞ்சம் தண்ணீர் மணலை இறுக்கிப் பிடித்துக்கொள்வதால் அது கெட்டியாக இருக்கும். ஆனால் அலை காலைத் தொடும் இடத்துக்கு இறங்க வேண்டாம். ஏன் என்பதை கீழே பார்ப்போம்.

வழியில் என்ன பார்க்கலாம்?

* கடற்கரைக் கோயில்: 8-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ராஜசிம்ம பல்லவன் காலத்தில் கட்டப்பட்டது. மாமல்லபுரம் சிற்பங்களுக்கு 1984-ல் யுனெஸ்கோ உலக பாரம்பரிய அந்தஸ்து கிடைத்தது.

* புலிக்குகை: பேர்தான் புலி. பாறையில் வாசலைச் சுற்றிச் செதுக்கியிருப்பது யாளித் தலைகள்.

* சாளுவன்குப்பம் முருகன் கோயில்: 2004 சுனாமி மணலை அரித்துப் போனதில் பாறையில் இருந்த கல்வெட்டு வெளியே தெரிந்தது. 2005-ல் இந்திய தொல்லியல் துறை தோண்டியபோது பல்லவர் காலக் கோயிலும், அதற்கு அடியில் அதைவிட பழைய செங்கல் கோயிலும் கிடைத்தன. அந்த செங்கல் கோயில் சங்க காலத்தைச் சேர்ந்தது என்பது அகழாய்வு செய்தவர்களின் கருத்து.

சரி, ஆபத்து எங்கே?

நடையில் இல்லை. நடந்து முடித்து வியர்வையோடு "சும்மா கால் நனைச்சுட்டு வரலாம்" என்று இறங்கும்போதுதான் ஆபத்து.

"எனக்கு நல்லா நீச்சல் தெரியும்" என்பார்கள். கிணற்றிலும் ஆற்றிலும் கற்ற நீச்சல் அது. ஆற்றில் தண்ணீர் ஒரே பக்கம் ஓடும்; அதோடு போனால் எங்காவது கரை கிடைக்கும். கடல் அப்படி இல்லை.

அலைகள் தண்ணீரைக் கொண்டுவந்து கரையில் குவித்துக்கொண்டே இருக்கும். அந்தத் தண்ணீர் திரும்பிப் போக வேண்டும் அல்லவா? கடலுக்குள் இருக்கும் மணல் திட்டுகளுக்கு நடுவே எங்கே இடைவெளி இருக்கிறதோ, அந்த வழியாக வேகமாக வெளியே பாயும். இதைத்தான் 'ரிப் கரன்ட்' என்கிறார்கள். வேகமான சமயத்தில் இது நொடிக்கு 2 மீட்டருக்கும் மேல் ஓடும். ஒலிம்பிக் நீச்சல் வீரராலும் எதிர்த்து நீந்த முடியாது.

இது ஆளை கீழே இழுப்பதில்லை, உள்ளே இழுத்துக்கொண்டு போகும். கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தி, களைத்துப் போய்த்தான் பலர் மூழ்குகிறார்கள்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

இரண்டு பக்கமும் அலை உடைந்து நுரை தள்ளும்போது, நடுவில் ஒரு இடம் மட்டும் அலை இல்லாமல் அமைதியாக, கொஞ்சம் கருத்துத் தெரியும். "இங்கதான் அலை கம்மியா இருக்கு" என்று குழந்தையை இறக்கிவிடத் தோன்றும் இடம் அது. பெரும்பாலும் ரிப் கரன்ட் ஓடுவது அங்கேதான்.

வானம் தெளிவாக இருந்தால் போதுமா?

போதாது. எங்கோ தூரக் கடலில் அடித்த புயலின் அலைகள் சில நாள் கழித்து நம் கரைக்கு வரும். இங்கே காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. இதற்குப் பேர் 'கள்ளக்கடல்'. 2024 மே 6-ம் தேதி, இதற்கான எச்சரிக்கை இருந்த நாளில், கன்னியாகுமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் அலை இழுத்துச் சென்று 5 மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தனர்.

ஹைதராபாத்தில் உள்ள இந்திய கடல்சார் தகவல் சேவை மையம் உயர் அலை, கள்ளக்கடல் எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. கிளம்பும் முன் அதைப் பாருங்க. கரையில் வலை பிரிக்கும் மீனவர்களிடம், "அண்ணே, இன்னைக்கு கடல் எப்படி இருக்கு?" என்று ஒரு வார்த்தை கேளுங்க.

இழுத்துவிட்டால்?

* கரையை நோக்கி நீந்தாதீங்க. கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்தி அந்த ஓட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகு கரைக்குத் திரும்புங்க.

* நீந்த முடியவில்லையா? மல்லாந்து மிதந்து கையைத் தூக்கிக் காட்டுங்க. ஓட்டம் கொஞ்ச தூரத்தில் வலுவிழந்துவிடும்.

* கரையில் இருப்பவர்கள் பின்னாலேயே குதிக்க வேண்டாம். காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறப்பது அடிக்கடி நடக்கிறது. மூடிய காலி தண்ணீர் கேன், கயிறு எது இருந்தாலும் வீசுங்க. மீனவர்களைக் கூப்பிடுங்க. 112 அல்லது 108-க்கு போன் பண்ணுங்க.

இன்னொரு விஷயம்

ஜனவரி முதல் மார்ச் வரை இந்தக் கரையில் ஆலிவ் ரிட்லி ஆமைகள் இரவில் முட்டையிட வரும். தடத்தையோ குழியையோ பார்த்தால் தோண்டாமல் விலகிப் போங்க. காய வைத்த வலையையும் மிதிக்க வேண்டாம்.

கலசப்பாக்கத்தைத் தாண்டி ஓடும் செய்யாறு, திருமுக்கூடலில் பாலாற்றோடு சேர்ந்து, மாமல்லபுரத்துக்குத் தெற்கே இதே கடலில்தான் கலக்கிறது. தண்ணீர் ஒன்றுதான், குணம்தான் வேறு. 5 கிலோமீட்டரும் தாராளமாக நடங்க. கடலில் இறங்கும் ஆசையை மட்டும் கரையிலேயே விட்டுடுங்க.