அரைவையும் வலிமையும்: சிமெண்டில் ஒரு சொல்லாய்வு

பிரிக்பீல்ட்ஸ் என்னும் பெயரே செங்கற்சூளைகளின் நினைவைத் தாங்கி நிற்கிறது. 1881ஆம் ஆண்டின் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சிதைத்த பின்னர், மரமும் அத்தாப்பும் இருந்த இடத்தில் செங்கற்சுவர்கள் எழுந்தன. அச்சுவர்களைப் பிணைத்தது சுண்ணாம்புச் சாந்து. இன்று பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை அடுக்குமாடிகளைத் தாங்குவது சிமெண்டு.

சுண்ணக்கல்லையும் களிமண்ணையும் ஏறத்தாழ 1450 பாகை செல்சியசில் சுட்டால் ‘கிளிங்கர்’ என்னும் கட்டிகள் கிடைக்கும். அவற்றைச் சிறிது ஜிப்சத்துடன் சேர்த்து, எஃகுக் குண்டுகள் உருளும் ஆலையில் அரைப்பர். உடைந்த துகள்களின் புதுப்பரப்பில் மின்னூட்டம் எஞ்சுவதால் அவை மீண்டும் ஒட்டித் திரளும். குண்டுகள் மீதும் படியும். இதனால் மின்னாற்றல் வீணாகும். கிளைக்கால், அமின் வகை வேதிப்பொருள்களைச் சிறிதளவு சேர்த்தால், அவை அப்பரப்பில் படிந்து ஒட்டுதலைத் தடுக்கும். இவையே அரைவைத் துணைப்பொருள்கள்.

இவை வலிமையை இருவழிகளில் மாற்றுகின்றன. ஒன்று, துகள் நுண்மையாவதால் நீருடன் வினை விரைவுபெறும். தொடக்க வலிமை கூடும். மற்றொன்று, துணைப்பொருளே நீரேற்ற வினையில் தலையிடும். டிரைஎத்தனாலமின் சிற்றளவில் அலுமினேட்டு வினையை விரைவாக்கும்; அளவு மிகுந்தால் சிலிகேட்டு வினையைத் தாழ்த்தி, வலிமையைக் குறைக்கும். டிரைஐசோபுரொப்பனாலமின் இரும்புசார் பகுதியின் வினையைத் தூண்டி 28 நாள் வலிமையை உயர்த்தக்கூடும் என்பதைக் கார்ட்னர், மையர்ஸ் ஆகியோரின் 1993ஆம் ஆண்டு ஆய்வு விளக்கியது. ஐரோப்பிய நெறியைத் தழுவிய மலேசியத் தரநெறி, கரிமத் துணைப்பொருள்களைச் சிமெண்டின் எடையில் 0.2 விழுக்காட்டுக்குள் அடக்குகிறது.

இங்கே மொழியாசிரியருக்கும் பணி உண்டு. துணைப்பொருளைக் ‘கலப்படம்’ என்பது பிழை. கலப்படம் ஏமாற்றும் நோக்கைக் குறிக்கும். சுண்ணாம்புச் சாந்தில் கடுக்காய்நீரும் வெல்லமும் சேர்த்த நம் முன்னோர் அதனைக் கலப்படம் எனக் கருதவில்லை.

அதனினும் பெரிய பிழை, ‘இறுகுதல்’, ‘வலுப்பெறுதல்’ ஆகிய இரண்டையும் ஒன்றெனக் கொள்வது. சிமெண்டு சில மணி நேரத்தில் இறுகும். வலுப்பெறவோ பல நாள் வேண்டும். துணைப்பொருளால் விரைந்து இறுகிய தளத்தை வலுப்பெற்றதாக எண்ணி முட்டுகளை அகற்றினால், தளம் சரிந்து உயிர்ச்சேதம் நேரலாம். ஆதலால் இவ்விரு சொற்களையும் வகுப்பறையிலேயே வேறுபடுத்திக் கற்பிப்போம்.