ஒரு முழ தூரத்துச் சண்டை

சிலம்பத்துக்கு வெட்டவெளி வேண்டும். நெற்றி உயரக் கம்பைச் சுழற்ற நாலாபுறமும் இடம் காலியாக இருக்க வேண்டும் என்று போன வாரம் எழுதியிருந்தேன். ஏற்காட்டிலிருந்து குப்பனூர் பக்கம் இறங்கும் சாலையில் இருக்கிறது கொட்டச்சேடு. அங்கே அப்படி ஒரு சமதரையைத் தேடினால், காப்பிக்கொட்டை காயவைக்கும் களம்தான் கண்ணில் படும். அறுவடைக் காலத்தில் அதுவும் கிடைக்காது. மற்றதெல்லாம் சரிவு, வாசல் முடிகிற இடத்தில் தோட்டம் தொடங்கிவிடும். சேர்வராயன் மலையில் இப்படிப்பட்ட ஊர்கள் நிறைய. இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண்பிள்ளைகளுக்கு, எந்தத் தற்காப்புக் கலை தோதாக இருக்கும் என்று யோசித்தால் எனக்குத் தென்சீனாவின் விங் சுன்தான் நினைவுக்கு வருகிறது. இடமில்லாதவர்கள் வளர்த்த கலை அது.

எதிராளியின் முன்கை நம் முன்கையில் உரசும் தூரத்தில் நடக்கிற சண்டை இது. தாவல் இல்லை, தலைக்கு மேல் உதை இல்லை. முழங்கை விலாவை ஒட்டி நிற்க, நெஞ்சின் நடுக்கோட்டிலிருந்து குத்து நேராகப் புறப்படும். கையைப் பின்னால் இழுத்து ஓங்குவதே கிடையாது. ஆரம்பப் பாடமான சியு நிம் தாவ் வரிசை முழுவதையும் நின்ற இடத்தைவிட்டு ஓரடி நகராமல் செய்து முடிக்கலாம். ஒரு கோரைப்பாய் அகலம் போதும்.

இது பிறந்த கதையை இப்படிச் சொல்வார்கள். சீனாவை ஆண்ட சிங் அரசு ஷாவோலின் மடத்தை எரித்தபோது தப்பிய ங் மூய் என்ற துறவிப் பெண்மணி, நாரையும் பாம்பும் சண்டையிடுவதைப் பார்த்து இந்த முறையை வகுத்தார். தன்னை மணந்தே தீருவேன் என்று மிரட்டிய முரடனிடமிருந்து தப்ப வழிதேடிய யிம் விங் சுன் என்ற பெண்ணுக்கு அதைக் கற்றுக்கொடுத்தார். அவள் பெயரே கலைக்கும் நிலைத்தது. இதற்கு ஆவணம் எதுவும் இல்லை. ஆனாலும் பலசாலியான ஆணை எதிர்கொள்ள ஒரு பெண்ணுக்காகவே உருவானது என்று ஒரு கலை தன் வரலாற்றைத் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருப்பதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஷாவோலினில் சண்டைக் கலையைக் கற்றுக்கொடுத்தவர் என்று சொல்லி, நம்மவர்கள் இந்த இடத்தில் பௌத்தத் துறவி போதிதர்மரை அழைத்து வந்துவிடுவார்கள். 2011இல் 'ஏழாம் அறிவு' படம் வந்தபின் இது கூடிவிட்டது. அவர் தென்னிந்தியர் என்று ஏழாம் நூற்றாண்டுச் சீன நூல் சொல்வது உண்மைதான். ஆனால் அவரைச் சண்டைக் கலையோடு முடிச்சுப்போட உதவிய 'யிஜின் ஜிங்' என்ற நூல் அவர் காலத்துக்கு ஆயிரம் ஆண்டு பிந்தியது. சீன ஆய்வாளர் தாங் ஹாவ் 1930களிலேயே இந்தக் கதையை உடைத்துவிட்டார். நம் குத்துவரிசையும் வர்மமும் தம் பெருமைக்குச் சீனாவைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டியதில்லை.

விங் சுன்னுக்குக் கையில் பிடிபடுகிற வரலாறு 19ஆம் நூற்றாண்டில், ஃபோஷான் நகரத்து மூலிகை வைத்தியர் லியுங் ஜானிடம் தொடங்குகிறது. ஆறுகளில் சிவப்புப் படகுகளில் ஊர் ஊராகப் போய்க் கூத்தாடிய கலைஞர்களிடம் அவர் கற்றார் என்பது மரபு. 1854இல் அந்தக் கூத்து நடிகர்களில் ஒருவரான லீ வென்மாவ் சிங் அரசை எதிர்த்துக் கலகத்தில் இறங்கினார். அதற்குத் தண்டனையாகக் கூத்தே பல ஆண்டுகள் தடைசெய்யப்பட்டது. லியுங் ஜானின் மாணவர், காசு மாற்றும் கடை வைத்திருந்த சான் வா சுன். அவரிடம் சிறுவனாகச் சேர்ந்தவர்தான் 1893இல் பிறந்த இப் மான்.

இப் மான் வசதியான வீட்டுப் பிள்ளை. ஜப்பானிய ஆக்கிரமிப்பில் சொத்து கரைந்தது. 1949இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சியைப் பிடித்த நேரத்தில் ஊரைவிட்டு ஹாங்காங் வந்துசேர்ந்தார். ஐம்பது வயது தாண்டிய அகதி. 1950இல் ஓட்டல் தொழிலாளர் சங்கக் கட்டடத்தில் வகுப்பு தொடங்கினார். சில வருடம் கழித்து வந்து சேர்ந்த விடலைப் பையன்களில் ஒருவர் புரூஸ் லீ. உலகத்துக்குப் புரூஸ் லீயைத் தெரியும். எனக்கோ, நாளெல்லாம் தட்டு தூக்கிவிட்டு ராத்திரி வந்து நின்ற அந்த ஓட்டல் தொழிலாளிகள்மேல்தான் மரியாதை அதிகம். அந்தக் கூட்ட நெரிசல் நகரத்தில் இந்தக் கலை பிழைத்ததற்கு அவர்கள் ஒரு காரணம்.

பலன் என்ன என்று கேட்பவர்கள் 'சி சாவ்' பயிற்சியைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இருவர் எதிரெதிரே நின்று முன்கைகளை ஒட்டவைத்து வட்டமாக உருட்டுவார்கள். ஒருவர் கை அழுத்தினால் மற்றவர் கை வழிவிட்டுத் திரும்பும். எங்காவது அழுத்தம் விட்டுப்போனால் அந்த இடைவெளியில் கை தானாக உள்ளே பாயும். தேறியவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டும் செய்வார்கள். பயத்தில் உடம்பு விறைப்பதுதான் அடிவாங்குவதற்குப் பாதிக் காரணம். யாராவது கையைப் பிடித்தால் விறைக்காமல் இருக்க இந்தப் பயிற்சி பழக்கிவிடுகிறது. தோள் இறுக்கம் தளரும், கால் நிலைப்படும், கவனம் ஓரிடத்தில் நிற்கும். எஸ்டேட்டில் பகல் முழுக்கக் குனிந்து நிமிர்ந்து காப்பிப் பழம் பறிக்கிற பெண்களுக்கு, நிமிர்ந்து நின்று தோளை இளக்கிச் செய்யும் இந்தப் பயிற்சி இதமாகவே இருக்கும்.

கருவி என்று பார்த்தால் மூன்று கை, ஒரு கால் வைத்த மரப்பொம்மை. பழைய காலத்தில் அதை மண்ணில் நட்டுவைப்பார்கள். ஹாங்காங் மாடி வீடுகளில் குழி தோண்ட வழியில்லாததால் இரண்டு குறுக்குச் சட்டங்களில் தொங்கவிட்டார்கள். கொட்டச்சேட்டுக்கு அந்தச் சிக்கலே இல்லை. களத்தோரத்தில் ஒரு நல்ல மரத்தைப் பழைய முறைப்படியே ஆழ நட்டுவிடலாம்.

தொடங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதன் நிலையில் கால்விரல்கள் உள்நோக்கித் திரும்பியிருக்கும். முழங்காலை வலிந்து உள்ளே அமுக்கினால் மூட்டு கெடும். திருப்பம் இடுப்பிலிருந்து வர வேண்டும். யூடியூப் பார்த்து வரிசையைக் கற்றுக்கொள்ளலாம், சி சாவ் வராது. அதற்கு எதிரே இன்னொரு ஜோடிக் கை வேண்டும். அக்கா தங்கையாகவோ தோழிகளாகவோ இருவராகச் சேருங்கள். முதல் சில மாதமாவது தெரிந்த ஆசான் ஒருவர் பக்கத்தில் நின்று திருத்தட்டும். அதற்காக வாரம் ஒருமுறை சேலம்வரை போக நேர்ந்தாலும் பஸ் செலவைப் பார்க்காதீர்கள்.

(தொடரும்)