போட்டோவுல மட்டும் சூரியன் ஏன் வெள்ளையாயிடுது?

விடியற்காலையில பெசன்ட் நகர் பீச்சுல நின்னா, கண்ணுக்கு வானம் முழுக்க ஆரஞ்சு. போனை எடுத்து ஒரு க்ளிக் அடிச்சா, நடுவுல ஒரு வெள்ளைப் பொட்டு, சுத்தி வெளிறிப்போன வானம். உடனே "என் போன் வேஸ்ட்"னு முடிவு கட்டிடாதீங்க. நாம எதை எடுக்க நினைக்கிறோம்னு போனுக்குத் தெரியாது. அதைச் சொல்லிக் கொடுத்தா போதும்.

முதல்ல அந்த நிறம் எப்படி வருதுன்னு பார்ப்போம். உச்சி வெயில் கடக்கிற காற்றைவிட, அடிவானத்துச் சூரிய ஒளி 35 மடங்குக்கும் அதிகமான காற்றைக் கடந்து வருது. அலைநீளம் குறைஞ்ச ஒளியைத்தான் காற்று மூலக்கூறுகள் அதிகமாச் சிதறடிக்கும். 700 நானோமீட்டர் சிவப்பைவிட 450 நானோமீட்டர் நீலம் ஏறக்குறைய 6 மடங்கு சிதறுது. நீலம் வழியிலேயே கழன்றுபோக, சிவப்பும் ஆரஞ்சும்தான் நம்மகிட்ட வந்து சேருது.

அது கேமராவுல ஏன் தொலையுது? ஆட்டோ மோடு, மொத்தப் படத்தையும் நடுத்தர வெளிச்சத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பாதிப் படம் இருட்டு மணலும் கடலும்னா, எக்ஸ்போஷரை ஏத்திடும். அப்போ சூரியனைச் சுத்தியுள்ள பிக்சல்கள்ல சிவப்பு, பச்சை, நீலம் மூணுமே 255-ஐத் தொட்டுடும். மூணும் முழுசா இருந்தா அது வெள்ளைதானே! லேப்ல ஆம்ப்ளிஃபையர் சாச்சுரேட் ஆகி, வேவ்ஃபார்மோட தலை வெட்டுப்படுமே, அதே கதை. வெட்டுப்பட்டதை எந்த எடிட்டிங் ஆப்பாலும் மீட்க முடியாது. இருட்டா இருக்கிற பகுதியையாவது அப்புறம் கொஞ்சம் வெளிச்சமாக்கலாம்.

அதனால, ஸ்கிரீன்ல சூரியனுக்குப் பக்கத்து வானத்தை அழுத்திப் பிடிச்சு லாக் பண்ணுங்க. எக்ஸ்போஷரைக் கீழே இறக்குங்க. ப்ரோ மோடு இருந்தா வைட் பேலன்ஸை 5500 கெல்வின்ல வைங்க. ஆட்டோவுல விட்டா, ஆரஞ்சு நிறத்தைத் 'தப்பு'ன்னு நினைச்சு அதுவே திருத்திடும். உப்புக்காத்துல லென்ஸ் மங்கும், சுத்தமான துணியால அடிக்கடி துடைங்க. டிஎஸ்எல்ஆர் வ்யூஃபைண்டர் வழியா மட்டும் சூரியனைப் பார்க்கவே பார்க்காதீங்க, கண்ணுக்கு ஆபத்து.

அடுத்தது நேரம். சூரியன் எட்டிப்பார்த்து முழு வட்டமா வெளியே வர ரெண்டு நிமிஷத்துக்குச் சற்றே அதிகம், அவ்வளவுதான். ஆனா அதுக்கு 20 நிமிஷம் முன்னாடியே மேகத்துல நிறம் ஏற ஆரம்பிச்சிடும். சென்னையில ஜூன் தொடக்கத்துல உதயம் சுமார் 5.40, ஜனவரி கடைசியில சுமார் 6.35. அரை மணி நேரம் முன்னாடியே போயிடுங்க. ஜூன்ல சூரியன் கிழக்குக்கு 23 டிகிரிக்கும் மேல வடக்கே தள்ளி உதிக்கும், டிசம்பர்ல அதே அளவு தெற்கே. ஸ்மித் நினைவு மண்டபத்தை நிழலுருவா வைக்கணும்னா, மாசத்துக்கு ஏத்த மாதிரி நிக்கிற இடமும் மாறும்.

கரையில வலையும் போட்டுமா இருக்கிறவங்க நம்ம படத்துக்காக நிக்கல, வேலையில இருக்காங்க. "அண்ணே, ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?"ன்னு கேட்டுட்டு எடுங்க. வேணாம்னா விட்டுடுங்க.

அந்த மண்டபமே, 1930 டிசம்பர் 30 அன்னைக்கு இந்தக் கடல்ல மத்தவங்களைக் காப்பாத்தப் போய் உயிரை விட்ட டென்மார்க் மாலுமிக்காகக் கட்டினது. ஸ்கிரீனைப் பார்த்துக்கிட்டே தண்ணிக்குள்ள இறங்காதீங்க. ஈர மணலுக்கு இந்தப் பக்கம் நின்னாலே நல்ல படம் கிடைக்கும்.