முக்குளிப்போரின் மூச்சுவாயுவும் மேலேறும் கணக்கும்

சோடாப் புட்டியைத் திறந்தவுடன் குமிழிகள் பொங்குவதை வகுப்பில் காட்டாத ஆசிரியர் அரியர். அமுக்கத்தால் நீரிற் கரைந்திருந்த வாயு, அமுக்கம் குறைந்ததும் வெளிப்படுகிறது. ஆழ்கடலினின்று விரைந்து மேலேறுபவரின் குருதியிலும் திசுக்களிலும் இதுவே நிகழும். மூட்டுவலி முதல் கால்கள் செயலறுதல் வரை அதனால் நேரிடலாம். ஆகவே அவர் இடையிடையே தங்கி ஏறவேண்டும். தங்கும் ஆழத்தையும் நேரத்தையும் ஹால்டேன் முதலியோர் வெள்ளாடுகளைக் கொண்டு ஆராய்ந்து 1908-இல் அட்டவணையாக வெளியிட்டனர்.

இன்று அக்கணக்கை மணிக்கட்டிற் கட்டும் கணிப்பொறி செய்கிறது. ஆனால் சுவாசிக்கும் வாயு இன்னதென்று நாம்தாம் அதற்குச் சொல்லவேண்டும். மறுசுவாசக் கருவியில் இது இன்னும் முக்கியம். வெளிவிட்ட மூச்சிலுள்ள கரியமிலவாயுவைச் சுண்ணாம்புக் கலவை ஈர்த்துக்கொள்ள, செலவான பிராணவாயுவை மட்டும் கருவி சேர்க்கிறது. சாதாரணக் குப்பியில் மாறாதிருப்பது வாயுக்களின் விகிதம். மின்னணு முறையில் இயங்கும் இக்கருவியில் மாறாதிருப்பது பிராணவாயுவின் பகுதி அமுக்கம்.

அதனை 1.3 பார் என்று குறித்ததாகக் கொள்வோம். 18 மீட்டர் ஆழத்தில் மொத்த அமுக்கம் 2.8 பார், எனவே மற்ற வாயுக்களின் பங்கு 1.5 பார். காற்றைச் சுவாசித்திருந்தால் நைட்ரஜன் மட்டுமே 2.2 பார் இருந்திருக்கும். மேலேறும்போது உடலிலுள்ள நைட்ரஜன் விரைவில் வெளியேற இவ்வேறுபாடே துணை. கருவி 0.7-இல் நின்றுவிட, கணிப்பொறி 1.3 என்றே எண்ணியிருந்தால் உண்மையில் 2.1 பார் இருக்க, அது 1.5 என்று கணக்கிட்டு நேரமாகுமுன் மேலேறச் சொல்லும்.

அப்படியாயின் அளவை இன்னும் உயர்த்தலாமே எனில், பிராணவாயுவும் மிகுந்தால் நஞ்சே. அமெரிக்கக் கடல், வளிமண்டல ஆட்சித்துறையின் அட்டவணை ஒரு முக்குளிப்பில் 1.3 பாருக்கு நெடுங்காலம் 180 நிமிடமே இடந்தந்தது, 1.6 பாருக்கு 45 நிமிடம் மட்டுமே. நீருக்கடியில் வலிப்பு வந்தால் பிழைப்பது அரிது.

60 மீட்டர் ஆழத்தில் நைட்ரஜன் அறிவை மயக்கும். ஆதலின் 10 பங்கு பிராணவாயு, 50 பங்கு ஹீலியம், 40 பங்கு நைட்ரஜன் கொண்ட கலவையைப் பயன்படுத்துவதுண்டு. 7 பாரில் 1.3 போக எஞ்சும் 5.7 பாரில் நைட்ரஜன் சுமார் 2.5 பாரே, அது 22 மீட்டரில் காற்றைச் சுவாசிப்பதற்கு ஒப்பாகும். சூரிச் நகரத்துப் பியூல்மான் வகுத்த 16 திசுப்பிரிவுக் கணக்கில் ஹீலியம் நைட்ரஜனைவிடச் சுமார் 2.65 மடங்கு விரைவாகத் திசுக்களிற் புகுந்து வெளியேறுவதாகக் கொள்ளப்படுகிறது. எனவே கலவை மாறினால் கணக்கும் மாறும்.

அக்கணக்கின் எல்லையில் எத்தனை விழுக்காடு வரை செல்வது என்பதை இரண்டு எண்களால் குறிப்பர். 30/70 எனில், முதல் தங்கலை 30-ம், நீர்மட்டத்தை அடையும் நிலையை 70-ம் வரையறுக்கும். முதல் எண் குறையுமளவுக்குத் தங்கல் ஆழத்திலேயே தொடங்கும். அதுவே பாதுகாப்பு என்று நெடுநாள் நம்பப்பட்டது. அமெரிக்கக் கடற்படை 2011-இல் வெளியிட்ட சோதனை இதனை ஐயத்துக்குள்ளாக்கியது. காற்றைச் சுவாசித்துச் சுமார் 52 மீட்டரில் 30 நிமிடம் தங்கியவர்கள், மேலேற இரு முறைகளிலும் ஒரே அளவு நேரம் எடுத்துக்கொண்டனர். ஆழத்தில் மிகுதியாகத் தங்கிய 198 முக்குளிப்புகளில் 11 பேருக்கும், மேலே மிகுதியாகத் தங்கிய 192-இல் 3 பேருக்கும் நோய் கண்டது. மிகச் சிறிய முதல் எண்ணை இட்டு நிம்மதியடைவது தக்கதன்று என்பதே நம் கருத்து.

கருவி பழுதுற்றால் உடன்கொண்டு சென்ற குப்பிக்கு மாறநேரும். அக்குப்பியிலுள்ள கலவையின் விகிதத்தைக் கரையிலேயே கணிப்பொறியிற் பதித்துவிடவேண்டும். நடுநீரில் அதற்கு நேரம் வாய்க்காது.